மழையில்லாத ஊரில் கண்ணாடி எப்படித் தூங்கும்?

அன்புள்ள கோகிலா,

வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மா மட்டும் சில நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மஞ்சள்தூள் விஷயம்; போகப்போகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சிலி நாட்டுக்கு விமானம் ஏறுகிறாய். மூன்று வருஷ வேலை. நீ இருக்கிற சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் நம் மாசாய் வீடு, நேரில் சொல்வதை விட்டுவிட்டு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நேரில் நாம் என்ன பேசுகிறோம்? பசியாறியாச்சா, பாஸ்போர்ட் எங்கே, குளிருக்குச் சட்டை வாங்கினாயா. அதற்கு மேல் ஒரு வார்த்தை போனால் என் குரல் ஏறும், உன் அம்மா அடுப்படியிலிருந்து "ஆரம்பிச்சிட்டாருடி" என்பாள், நீ போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். நான் வரைந்த கியர் பெட்டியும் கண்ணாடிச் சட்டமும் நீ போகிற ஊருக்கு ஆகாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. மீட்டிங்கில் எனக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய். அப்போது உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

சண்டையைப் பிறகு போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பார். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பள்ளி விடுமுறை. அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை வாசலில் வைத்து, கூடத்துச் சுவரில் வெளிச்சப் பொட்டு விழவைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் பொட்டு நகர்ந்து அலமாரிப் பக்கம் போய்விட்டது. கண்ணாடியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தாய். சூரியன் நகர்கிறது, அதனால் பொட்டும் நகர்கிறது என்று நான் பெரிய மனுஷனாகச் சொன்னேன். அதோடு விட்டாயா? "அப்ப பொட்டு அங்கயே நிக்கணும்னா கண்ணாடி சூரியனப் பாத்துக்கிட்டே இருக்கணுமா, இல்ல சுவத்தப் பாக்கணுமாப்பா?" என்று கேட்டாய். "சூரியனத்தான், வேற எத?" என்றேன். நீ நம்பவில்லை. முதல் நாள் சாப்பிட்ட சாத்தே கறியைக் கோத்திருந்த குச்சி ஒன்றைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து, களிமண் உருண்டையில் குத்தி, கண்ணாடியின் நடுவில் நெட்டுக்குத்தாக ஒட்டினாய். பொட்டைச் சுவரில் நிறுத்திவிட்டு, குச்சி எங்கே காட்டுகிறது என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அது சூரியனையும் காட்டவில்லை, சுவரையும் காட்டவில்லை. இரண்டுக்கும் சரிபாதியில், எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத ஆகாயத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

மெஷின் படம் போட்டுப் பிழைக்கிறவன் நான். அந்த நிமிஷம்வரை அது எனக்குத் தோன்றியதே இல்லை. ஒளி படுகிற கோணமும் திரும்புகிற கோணமும் சமம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான். ஆனால் ஒரு கண்ணாடி தன் வேலையைச் சரியாகச் செய்தால் அது யாரையும் நேராகப் பார்ப்பதில்லை என்பது ஒரு சாத்தே குச்சி சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, "ரெண்டும் ஒரே பைத்தியம். அப்பனுக்குத் தப்பாத பொண்ணு" என்று நம் தட்டை மூடிவைத்துவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனாள். நாம் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் மகளுக்குக் கேட்கத் தெரிகிறது என்கிற சந்தோஷம்.

பல வருஷம் கழித்து பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு பாஸ் ஒரு வேலையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். சிலிப் பாலைவனத்தில் வரப்போகும் சூரிய மின் நிலையத்துக்குக் கண்ணாடிச் சட்டமும் அதைத் திருப்பும் கியர் பெட்டியும். மற்றவர்கள் தயங்கினார்கள், நான் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். அந்தக் குச்சிதான் காரணம் என்று பாஸுக்குத் தெரியாது. பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒரு அறைச் சுவர் அளவு, நடுவில் ஒரு கோபுரம். எல்லாக் கண்ணாடியும் தன் வெளிச்சத்தைக் கோபுரத்தின் உச்சிக்கு அனுப்பவேண்டும். அங்கே சூடாகும் உப்புக் குழம்பு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் மின்சாரம் வரும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதும்போது எனக்குப் புல்லரிக்கிறது. கடிகாரத்தின் சின்ன முள்ளின் வேகத்தில் பாதிதான் சூரியனின் வேகம். கண்ணாடி நடுவில் நிற்பது என்பதால் அதிலும் ஏறக்குறையப் பாதி போதும். அவ்வளவு மெதுவாக ஒரு அறைச் சுவரைத் திருப்பவேண்டும், அதுவும் உதறாமல், காற்றடித்தாலும் அசையாமல். கியர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கண்ணாடி அந்த மயிரிழைக்கு ஆடும். கண்ணாடி ஆடியதைப்போல இரண்டு பங்கு வெளிச்சம் ஆடும். கோபுரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அது ஆள் உயரம் தள்ளிப்போய்விடும். வேகமாக ஓடுகிற மெஷினை யார் வேண்டுமானாலும் வரையலாம் கோகி. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மெஷினை வரைவதுதான் ஆளைக் கொல்லும்.

மாசாய்க் கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது எல்லாரும் கேட்பார்கள்: "ஏன்யா, இங்க அடிக்கிற வெயில் பத்தாதா? இங்கயே வச்சா என்னா லா?" நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். நம் வெயில் சுடும், ஆனால் நம் வானம் இந்தத் தே தாரிக் மாதிரிப் பால் கலந்தது. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. கூரைமேல் வைக்கும் சோலார் தகடு அதையெல்லாம் குடித்துவிடும். கண்ணாடிக்கு அது பத்தாது, கத்தியால் வெட்டினாற்போல நிழல் விழுகிற வெயில் வேண்டும். அது மழை மேகம் எட்டிப் பார்க்காத ஊரில்தான் கிடைக்கும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? மழை மேகம் எட்டிப் பார்க்காத ஊர் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய் மழை ஊருக்கான சாமானை வரைந்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

எப்படி அப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். நான் வேலை கற்றுக்கொண்டது பண்டார் தெங்காரா பக்கம் செம்பனை எண்ணெய் ஆலைகளில். அங்கே எந்த மெஷின் கெட்டுப்போனாலும் திறந்தால் உள்ளே தண்ணீர் இருக்கும். மழைத் தண்ணீர் இல்லாவிட்டால் வேர்வைத் தண்ணீர். அதனால் எதை வரைந்தாலும் எனக்கு முதல் கேள்வி, தண்ணி எங்கே போகும்? பெட்டி என்றால் அடியில் ஒரு ஓட்டை. சட்டம் என்றால் ஒரு சரிவு. இதனால் என் மெஷின்கள் மற்றவர்கள் மெஷினைவிட அதிக நாள் உழைத்தன, எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது. பாசிர் கூடாங் யார்டில் நாங்கள் சோதனைக்கு நிறுத்திய கண்ணாடிக்கும் அதையே செய்தேன். கியர் பெட்டிக்கு அடியில் ஓட்டை. இரவில் கண்ணாடி வானத்தைப் பார்த்து மல்லாந்து படுக்கும், காற்று அதைப் பிடிக்காது. சாயங்காலம் மழை கொட்டும், கண்ணாடியைக் கழுவும், காலையில் நிமிர்ந்தால் பளபளவென்று இருக்கும். துடைக்க ஆள் வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம். ஒவ்வொரு காலையும் அதன் வெளிச்சம் யார்டின் கடைசியில் வெள்ளை அடித்த பலகையில் போய் ஆணி அடித்ததுபோல் நிற்கும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் தினமும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பசியாறவே போவேன்.

அந்த மீட்டிங்குக்கு வருகிறேன். நீ அந்தப் பாலைவனத்துக்கு முதல்முறை போய்விட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த நிலையத்தைக் கட்டுகிற உன் கம்பெனிக்காரர்களோடு நீயும் எங்கள் மாடி அறைக்கு வந்தாய். வரைந்தது உன் அப்பா என்று உன் ஆபீசில் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாய், அதனால் முடிவு சொல்வது உன் வேலை இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாய். ஆனால் கேள்வி கேட்பது எல்லாருக்கும் உள்ளதுதானே? ஒவ்வொருவரும் கேட்டார்கள். காற்று, எடை, துல்லியம், என்ன விலை. நான் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில் நீ பேனாவை எடுத்து, "இரவில் இந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து..." என்று ஆரம்பித்தாய். நீ முடிக்கும் முன்னாலேயே நான், "வானத்தைப் பார்த்து! மழையே கழுவிவிடும், பராமரிப்பே வேண்டாம்!" என்று கையை விரித்துக் காட்டினேன். எல்லாருக்கும் சிரிப்பு, எல்லாருக்கும் சந்தோஷம். அவர்களும் சிங்கப்பூர்க்காரர்கள், நம்மைப்போல மழையில் நனைந்து வளர்ந்தவர்கள்தானே. நீ மட்டும் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாய். பேனாவை மூடினாய். "ஓகே" என்றாய். அன்றைக்கே படம் பாஸாகிவிட்டது. இந்தப் படத்தின் கீழே வரைந்தவன் என்று என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஓய்வு பெறப்போகிற நேரத்தில் எனக்கு அது பெரிய விஷயம், அது உனக்கும் தெரியும். மாலை வீட்டுக்கு வந்து, "நல்லா இருந்திச்சாம்மா?" என்று கேட்டேன். "நல்லா இருந்திச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

அடுத்த ஞாயிறு அம்மா தோசை சுட்டாள். நீ பாலைவனத்துக்குக் கொண்டுபோய்ப் பாதி தின்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்த இட்லிப் பொடி பாட்டில் அலமாரியில் இருந்தது. வீணாக்குவானேன் என்று அதில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தேன். ஒரு வாய் வைத்ததும் பல் கூசியது.

"இதுல யாரு மண்ணள்ளிப் போட்டது?" என்றேன்.

"ஆமா, நான்தான் ரோட்டுல அள்ளியாந்து போட்டேன்" என்றாள் உன் அம்மா. பிறகு அவளும் விரலில் தொட்டு வைத்துப் பார்த்தாள். "அலமாக், நரநரங்குது. பாட்டிலு மூடித்தானே இருந்திச்சு? ஒரு கரண்டி விட்டே தொறக்க வேண்டியதாப் போச்சு."

எனக்குத் தோசை இறங்கவில்லை. மூடிய பாட்டிலுக்குள் மண் எப்படிப் போகும்? உனக்கு மெசேஜ் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா, பொடியை அங்கே எங்கே வைத்திருந்தாய் என்று? "கண்டெய்னர் ஆபீஸ் ஜன்னல்கிட்டப்பா. மூடி எப்பவும் இறுக்கித்தான் வைப்பேன். ஏன்?" என்று கேட்டாய். நான் பதில் போடவில்லை, ஏனென்றால் அதற்குள் அடுப்படியில் வேலையை ஆரம்பித்துவிட்டேன். பாலைவனத்தில் பகலில் சுடும், இரவில் நடுங்கவைக்கும் என்று நீதான் சொன்னாய். பாட்டில் பகலில் சூடானால் உள்ளே உள்ள காற்று பெருத்து வெளியே போகும். இரவில் குளிர்ந்தால் காற்று சுருங்கும், போன காற்று திரும்ப வரவேண்டும், வரும்போது மூடியைச் சுற்றி இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அப்படித்தானா என்று பார்க்கவேண்டும். காலி ஜாம் பாட்டில் ஒன்றைத் துடைத்து மூடி, பின்கட்டுத் தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். சுடச்சுட எடுத்து, ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள்தூளில் தலைகீழாகப் புதைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பிறகு மறுபடியும் வெயில், மறுபடியும் குளிர். சில தடவை செய்துவிட்டு மூடியைத் திறந்தால், உள்பக்கம் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். நான் "ஏய், வந்திருச்சு! வந்திருச்சு!" என்று கத்தினேன். உன் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். அவள் கண்ணில் பட்டது வளையம் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் மஞ்சள் பூசிக்கொண்ட தயிர், மஞ்சள் பூசிக்கொண்ட மீன், பூஜைக்கு வாங்கிவைத்த மஞ்சள் பூசிக்கொண்ட வெற்றிலை. அன்றைக்குப் போன பேச்சு இன்னும் வரவில்லை.

சிரிக்காதே. அடுத்து நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. என் கியர் பெட்டியும் ஒரு பாட்டில்தான். அதுவும் பகலில் மூச்சை விடும், இரவில் இழுக்கும். இறுக்கி மூடிய பாட்டிலுக்கே இந்தக் கதி என்றால், நான் பெட்டிக்கு அடியில் வாசலையே திறந்துவைத்திருக்கிறேன், வாங்க மணலே உள்ளே வாங்க என்று. கியர் பல்லுக்குள் மணல் போனால் அது அரம் மாதிரி அறுத்துவிடும், நான் மயிரிழை மயிரிழையாகக் குறைத்த இடைவெளி எல்லாம் சில மாதத்தில் விரல் நுழைகிற அளவுக்குப் போய்விடும். சரி, ஓட்டை சின்ன விஷயம், ஒரு திருகும் வடிகட்டியும் போட்டால் தீர்ந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் நீ பாதியில் விழுங்கிய கேள்வி என் காதில் விழுந்தது. இரவில் இந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து...

மறுநாள் யார்டில் சோதனைக் கண்ணாடிக்கு மேல் ஒரு கூடாரம் கட்டச் சொன்னேன், மழை மட்டும் படாதபடி. ஃபிட்டர் அஸ்மி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "என்னா அங்கிள், கண்ணாடிக்குக் கல்யாணமா?" என்றான். மலாய்க்காரன், ஆனால் எஸ்டேட் பக்கம் நம் ஆட்களோடு வளர்ந்தவன், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவான். கட்டுடா என்றேன். ஒவ்வொரு காலையும் கூடாரத்தைச் சுருட்டி வெளிச்சத்தைப் பார்த்தேன். பாசிர் கூடாங்கில் தூசுக்கா பஞ்சம்? மல்லாந்து கிடந்த கண்ணாடிமேல் இரவெல்லாம் தூசு இறங்கி, விடியற்காலை ஈரத்தில் குழைந்து, வெயிலில் காய்ந்து, அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. பலகையில் ஆணி அடித்ததுபோல் நின்ற வெளிச்சம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனது. இங்கே சில நாளில் இப்படி. மழையே இல்லாத ஊரில், தண்ணீர் லாரியில் வரவேண்டிய ஊரில், கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி. அதைக் கவிழ்த்துப் போட என் சட்டத்தில் வழியே இல்லை, கண்ணாடியைத் தாங்குகிற நடுத் தூண் தடுக்கும். இரவெல்லாம் மண்ணை வாங்கிக்கொண்டு மல்லாந்துதான் கிடக்கும். அதற்கு நடுவில் என் மகள் நின்றுகொண்டு, மூன்று வருஷம், அப்பா செய்த வேலை என்று வாயைத் திறக்காமல் துடைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அங்கேயே, அஸ்மி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண் கலங்கிவிட்டது. தூசு என்றேன். அவனும் ஆமாம் என்றான்.

அன்றைக்கு வந்த கோபம் முதலில் உன்மேல்தான். நீ எல்லார் முன்னாலும் என் படத்தைக் கிழித்துப் போட்டிருந்தால்கூட நான் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருப்பேன், பிறகு சரியாகிவிட்டிருப்பேன். நீ பேனாவை மூடினாயே, அதுதான் எனக்கு வலித்தது. நோயாளியிடம் பேசுவதுபோல் "நல்லா இருந்திச்சுப்பா" என்றாயே, அது. உன் அம்மாவிடம் போய்ப் புலம்பினேன். பேசாவிரதத்தைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நீங்க படத்த விரிச்சு வச்சிக்கிட்டு நிக்கையில உங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா? புள்ளத்தாச்சி மாதிரி நிப்பீங்க. அதுகிட்டப் போயி யாராச்சும் புள்ள நல்லால்லன்னு சொல்லுவாங்களா? எனக்கே பாவமா இருக்கும்." நான் கோபக்காரன், அதனால்தான் பயந்து வாயை மூடினாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். பாவமாம். அது இன்னும் மோசமாக இருந்தது.

யோசித்தால் உன்னையும் குற்றம் சொல்ல முடியவில்லை. கேட்டால் அப்பாவையே கவிழ்த்துவிட்டாள் என்பார்கள், கேட்காவிட்டால் அப்பாவுக்குச் சலுகை என்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டாய். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதை அப்பா சொன்னதாக வேண்டாம், அங்கே போகிற இன்னொரு இன்ஜினியருக்குச் சொன்னதாக வைத்துக்கொள். நீயும் இங்கிருந்து ஏதோ ஒன்றைத் தெரியாமல் கட்டிக்கொண்டுதான் போவாய். நான் மழையை என் படத்துக்குள் கொண்டுபோனதுபோல. அது என்ன என்று உனக்குத் தெரியாது, அங்கே உள்ளவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் உன்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் நீ கெட்டாய். ஆகவே, இவளிடம் கேள்வி கேட்கலாம் என்கிற மாதிரி உன் முகத்தை வைத்துக்கொள். எனக்கு அது வாய்க்கவில்லை, உனக்கு அம்மாவின் முகம், வாய்க்கும். கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு, அந்தக் காற்றில் தோல் வெடிக்கும் என்கிறார்கள். பொடி பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வை. அதுவும் மூச்சு விடுமா என்று பார்த்து எழுது.

நேற்று பாஸின் அறைக்குப் போனேன். அவர் சீனர், மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டு, "பாஸான படத்தைத் திரும்ப வாங்கவேண்டும், அந்த ஊருக்கு ஆகாது" என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீ இத்தனை வருஷம் என்கிட்ட இருக்க. தன் கடை மீனு நாறுதுன்னு எவனாச்சும் சொல்லுவானா லா? அவங்களே ஓகேன்னுட்டாங்க."

"அவங்க ஓகேன்னாங்க பாஸ். மண்ணு ஓகேன்னு சொல்லல."

"யாரு கண்டுபிடிச்சது?"

"என் மக."

"அவ மீட்டிங்ல ஒண்ணும் பேசலியே!"

"அதான் பாஸ் எனக்கும் கோவம்" என்றேன்.

ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பிறகு அவரே போனை எடுத்து உங்கள் ஆபீசைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை இன்னொரு மீட்டிங் கொடுத்திருக்கிறார்கள். புதுப் படம் சரியில்லை என்றால் ஆர்டர் போய்விடும், அதை அவர்கள் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். உனக்கும் இன்றைக்குள் தகவல் வந்திருக்கும்.

நேற்றிலிருந்து உட்கார்ந்து வரைகிறேன். கண்ணாடியை நடுவில் இரண்டாகப் பிளந்து, இரட்டைக் கதவைப்போல இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் தூண் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருக்கிறேன். இரவில் அது அப்படியே தலைகுப்புறக் கவிழ்ந்து படுக்கும், முதுகில்தான் மண் விழும், விழுந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நடுவில் பிளந்ததும் சட்டம் வலுவிழக்கிறது; வலுவாக்கினால் எடை ஏறுகிறது; எடை ஏறினால் கியர் திணறுகிறது. கவிழ்ந்து படுக்கிற கண்ணாடிக்குக் கீழேயிருந்து காற்று மணலை வாரி அடிக்காதா? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் படுக்கவேண்டும்? அங்கே காற்று இரவில் அடிக்கிறதா, பகலிலா? எனக்குத் தெரியவில்லை கோகி. நான் அந்த மண்ணைக் காலால் மிதித்தவன் இல்லை. பொடி பாட்டிலில் வந்ததைக் கடித்துப் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நாளாகிவிட்டது தெரியுமா, எனக்குத் தெரியவில்லை என்று இப்படி உட்கார்ந்து வரைந்து? பயமாக இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நீ மறுபடியும் எதிர்ப்பக்கம் உட்காருவாய். புதுப் படத்தில் எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றுகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. நீ அந்த ஊரைப் பார்த்தவள், பிடித்துவிடுவாய். பாஸ் இருப்பார், உன் மேலதிகாரிகள் இருப்பார்கள், இருக்கட்டும். கேள். நான் பாதியில் குறுக்கே பேசினால் கையைக் காட்டி நிறுத்திவிட்டு முழுசாகக் கேள். பதில் தெரியாமல் நான் திருதிருவென்று முழிப்பேன். என் முகத்தைப் பார்க்காதே, அடுத்த கேள்வியைக் கேள்.

உன் அப்பா